முதலில் வாடுவதை முதலில் சமைத்தல்

தனியாக வாழத் தொடங்கிய முதல் சில மாதங்களில் நான் குப்பையில் கொட்டியவற்றுள் பெரும்பகுதி, சமைக்காமலேயே அழுகிப்போன காய்கறிகள்தாம். ஏழு நாளுக்கும் என்ன சமைப்பது என்று ஞாயிற்றுக்கிழமையே எழுதி, அத்தனைக்கும் ஒரே நடையில் வாங்கி வந்துவிடுவேன். புதன்கிழமை வேலை முடியத் தாமதமாகி அன்றைய சமையல் தள்ளிப்போனால், அது அடுத்தடுத்த நாள்களையும் தள்ளிவிட, வார இறுதியில் கீரை கூழாகிக் கிடக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் மிஞ்சுவதை யாராவது சாப்பிட்டுத் தீர்த்துவிடுவார்கள். தனியாளுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே இப்போது நான்கு நாளுக்கு மேல் நான் திட்டமிடுவதில்லை. அந்த நான்கு நாள் பட்டியலையும், எதை உண்ண ஆசை என்பதைவிட எது முதலில் வாடும் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். கீரையும் காளானும் வாங்கிய ஓரிரு நாளில் சமையலாகிவிட வேண்டும்; பீன்ஸும் தக்காளியும் அடுத்து; கேரட்டும் முட்டைக்கோஸும் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும் என்பதால், திட்டம் குலையும் நாளுக்கென்று அவற்றை ஒதுக்கி வைக்கிறேன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாரக்கணக்கில் இருக்கும், ஆனால் அவற்றை ஒரே கூடையில் வைக்காமல் தனித்தனியாக வைக்கிறேன்.

பெரிய பொட்டலம் மலிவு என்பது உலர்ந்த பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும். பாதியை எறியப் போகிறோமென்றால், எடை போட்டுக் கால் கிலோ வாங்குவதே உண்மையில் மலிவு.

பயறு வகைகளை உப்பு மட்டும் சேர்த்து மொத்தமாக வேகவைத்து, மசாலா எதுவும் சேர்க்காமல் எடுத்து வைப்பது எனக்கு மிகவும் உதவுகிறது. ஒரு நாள் குழம்பாகவும் மறுநாள் காய்களுடன் பிரட்டியும் அதையே உண்ணலாம் என்பதால், சலிப்பு ஏற்படுவதில்லை. மீதியை ஒரு வேளைக்கான சிறு டப்பாக்களில் பிரித்து, தேதி எழுதி, உறைவிப்பானில் -18 டிகிரி செல்சியஸில் வைக்கிறேன். உறைவிப்பான் கிருமிகளைக் கொல்வதில்லை, அவை பெருகாமல் நிறுத்தி மட்டுமே வைக்கிறது என்பதால், முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி உருக விடுகிறேன்.

சோற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தனியாக வாழ்பவர்கள் அதிகம் மிச்சம் வைப்பது அதைத்தான். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோற்றை அடுப்படியிலேயே மணிக்கணக்கில் விட்டால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தி உண்டாக்கும் அந்த நச்சு மீண்டும் சூடாக்குவதால் அழிவதில்லை. எனவே மிஞ்சிய சோற்றை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் குறைவான குளிரில் வைத்து, மறுநாளே ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே தடவையில் உண்டு முடிக்கிறேன். அளவுக் குவளையில் 80 கிராம் அரிசிக்குக் கோடு கிழித்து வைத்த பிறகு, அந்த மிச்சமும் அரிதாகிவிட்டது.

நான்காம் நாள் மாலை, கிடக்கும் அரைக் கேரட்டும் முட்டைக்கோஸ் துண்டும் சூப்பாகின்றன. அது கொதிக்கும் நேரத்தில்தான், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்து, அடுத்து வாங்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.