உயரத்துக்குக் கட்டும் வட்டி

சஸ்பென்ஷன், பிரேக், டயர். என் வேலை இவ்வளவுதான். இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள். நான் வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவன். அதனால் அறுநூறு, எழுநூறு குதிரைத்திறன் கொண்ட சொகுசு எஸ்யூவிகளைப் பற்றி எனக்கிருக்கும் அபிப்பிராயமும் அடியிலிருந்து வந்ததுதான். பளபளப்பு, தோல் சீட், இதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

வண்டியைக் கொண்டு வருகிறவர்களிடம் சும்மா பேச்சுக் கொடுப்பேன். "ஏன் சார், இதைப் பிடிச்சு எடுத்தீங்க?" முதலில் வேகத்தைச் சொன்னவர் அநேகமாக யாருமில்லை. "ஏறி உட்கார்ந்தா ரோடு முழுக்கத் தெரியுது." "அம்மாவுக்கு முட்டி வலி, குனிஞ்சு ஏற வேண்டியதில்லை." "பள்ளம் மேட்டுக்குப் பயப்பட வேண்டாம்." இதெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "பிக்கப் பாத்தீங்களா?" என்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவேண்டும்.

என் கணக்கு இதுதான். இவர்கள் வாங்குவது உயரம். மீதியெல்லாம், அதாவது அந்தப் பெரிய இன்ஜின், சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன், ராட்சத பிரேக், காதைப் பிளக்கும் சைலன்சர் எல்லாமே அந்த உயரம் என்ற கடனுக்குக் கட்டும் வட்டி.

இதை நிரூபிக்க ஆடி கம்பெனியே ஒரு ஜோடியைத் தயாரித்து வைத்திருக்கிறது. 2019இல் ஆர்எஸ்6 அவான்ட் என்ற, பின்பக்கம் நீண்ட தாழ்வான ஸ்டேஷன் வேகனையும் ஆர்எஸ் க்யூ8 என்ற எஸ்யூவியையும் அறிமுகப்படுத்தினார்கள். இரண்டிலும் அதே 4 லிட்டர் இரட்டை டர்போ வி8. அதே 600 குதிரைத்திறன், அதே 800 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). பெட்டி படுக்கை வைக்கப் பின்னால் கிட்டத்தட்ட அதே இடம். வேகன் 2,075 கிலோ, எஸ்யூவி 2,315 கிலோ. பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட வேகனுக்கு 3.6 வினாடி, எஸ்யூவிக்கு 3.8. பெட்ரோலும் எஸ்யூவிதான் கூடக் குடிக்கும். காகிதத்தில் பார்த்தால் வேகனை விட்டுவிட்டு எஸ்யூவியை எடுக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் "ரெண்டுல எதை எடுப்பீங்க?" என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். வேகன் பைத்தியம் பிடித்த ஒருவரைத் தவிர மற்றவர்கள் உயரமானதைத்தான் காட்டுவார்கள். (அந்த ஒருவர் என் நண்பர். அவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அன்றைய வேலை கெட்டது.)

சரி, உயரத்தில் என்ன கடன்? வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. வண்டியின் எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகச் சாயும். இதைத் தடுக்க இடது வலது சக்கரங்களை இணைத்து ஒரு தடித்த இரும்புக் கம்பி பெரும்பாலான கார்களில் உண்டு. ஆன்டி ரோல் பார் என்போம். கம்பியைத் தடிமனாக்கினால் சாய்வு குறையும். ஆனால் நேர்ச்சாலையில் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால், அந்த அடி கம்பி வழியாக மறுபக்கத்துக்கும் போய், உள்ளே இருப்பவர் தலை இடமும் வலமும் ஆடும். சொகுசு வண்டியில் அது நடக்கக்கூடாது. மெல்லிய கம்பி போட்டால் வளைவில் வண்டி கவிழ்ந்துவிடுமோ என்று தோன்றும். எந்தப் பக்கம் போனாலும் இடி.

பென்ட்லி பென்டேகாவின் அடியில் முதல்முறை நின்றபோது நான் தேடியது இதைத்தான். அந்தக் கம்பியை நடுவில் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் உருளையாக ஒரு டப்பா. உள்ளே மின்மோட்டாரும் பல்சக்கரங்களும். அதற்கென்றே தனியாக 48 வோல்ட் இணைப்பு. நேராகப் போகும்போது மோட்டார் கம்பியின் இரண்டு பாதியையும் கிட்டத்தட்ட சுதந்திரமாக விட்டுவிடுகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் இரு பாதிகளையும் எதிரெதிராக முறுக்கி வண்டியை நிமிர்த்துகிறது. 0.3 வினாடிக்குள் 1,300 நியூட்டன் மீட்டர் வரை. இன்ஜினே கொடுக்கும் டார்க்கை விட இது அதிகம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இப்படியொரு பொருள் இருப்பதே தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பாடும். நான் கையில் டார்ச்சோடு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபெராரி புரோசாங்குவேயில் இன்னும் ஒருபடி மேலே போய், நான்கு ஷாக் அப்சார்பர்களிலும் ஆளுக்கொரு 48 வோல்ட் மோட்டார் வைத்துவிட்டார்கள்.

இது இயந்திரக் கடன். இன்னொன்று கண்ணின் கடன், அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் கண் தரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகத் தரை பின்னால் ஓடுவதாகத் தெரியும். கோ-கார்ட்டில் அறுபதில் போனாலே உயிர் கையில் இருக்கும். அதே அறுபதில் பஸ்ஸின் முன்சீட்டில் இருந்தால் தூக்கம் வரும். உயரமான எஸ்யூவியில், இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குள், ஏர் சஸ்பென்ஷன் மேல் உட்கார்ந்துகொண்டு நூற்றிருபதில் போனால் எண்பது மாதிரிதான் இருக்கும். உயரம் வேகத்தின் ருசியைத் தின்றுவிடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் குதிரைத்திறன். ஒரு தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் முந்நூறு குதிரைத்திறனில் கொடுக்கும் சிலிர்ப்பை இந்த உயரத்தில் கொடுக்க அறுநூறு வேண்டியிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் வரும் பட்பட் சத்தமும் இந்தக் கணக்கில்தான் சேரும். எரிபொருளை வேண்டுமென்றே தாமதமாக எரியவிட்டு வரவழைக்கிற சத்தம் அது. கேட்க ஜோராகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும் இருக்காது.

பிரேக்குக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குச் சோறு. லம்போர்கினி உருஸ் சுமார் 2,200 கிலோ, 2017 டிசம்பரில் வெளிவந்தபோதே 650 குதிரைத்திறன், மணிக்கு 305 கி.மீ. நூறில் ஓடும் அந்த எடையை நிறுத்த, ஏறக்குறைய 850 கிலோ ஜூல் ஆற்றலை வெப்பமாக்கவேண்டும். இருநூறில் ஓடினால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அதனால்தான் முன்சக்கர கார்பன் செராமிக் டிஸ்க்கின் விட்டம் 440 மில்லிமீட்டர், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரில் பத்து பிஸ்டன். 440 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று சட்டென்று புரியாது. 17 அங்குல ரிம் என்பதே 432 மில்லிமீட்டர்தான். அதாவது நடுத்தரக் கார் ஒன்றின் சக்கரத்துக்குள் இந்த டிஸ்க் நுழையவே நுழையாது.

டிஸ்க் பெரிதானால் ரிம் பெரிதாகவேண்டும். ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகவேண்டும். ஆஸ்டன் மார்டின் டிபிஎக்ஸ்707இல் 23 அங்குல ரிம் கேட்டு வாங்கலாம், அப்போது பின்னால் 325/30 டயர், அதாவது அகலம் 325 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 30 சதவீதம். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் கூட ரப்பர் கிடையாது. பள்ளத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று உயரமான வண்டியை எடுத்தவர், ரிம் அடிபடுமே என்று பள்ளத்தைச் சுற்றிச் சுற்றிப் போகிறார். பழைய சின்னக் காரின் குண்டு டயர் அதே பள்ளத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஏறி இறங்கிப் போகும்.

டயரில் இன்னொரு சங்கதி. இந்த வண்டிகள் ஸ்போர்ட் மோடில் தானாகத் தரையை நோக்கி இறங்கும். உருஸில் தரை இடைவெளி 158 மில்லிமீட்டரிலிருந்து 248 வரை மாறும். இறங்கும்போது சக்கரங்களின் தலைப்பகுதி உட்பக்கமாகச் சாய்கிறது. எப்போதும் இறக்கியே ஓட்டுகிறவர்களின் டயர் உள்விளிம்பில் மட்டும் தேயும். வெளியே நின்று பார்த்தால் டயரின் பட்டன் எல்லாம் புதிது போல இருக்கும். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் உள்பக்கத்தில் கம்பி எட்டிப்பார்க்கும். "நல்லாத்தானே இருந்துது" என்று எல்லோரும் சொல்வார்கள். குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. குனியாமல் இருக்கத்தானே வண்டியே வாங்கியது.

மண், மணல், பனி என்று டேஷ்போர்டில் இருக்கும் மோடுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலை செய்கின்றன. யாரும் போடுவதில்லை.

சரித்திரத்தையும் கொஞ்சம் தொட்டுவிடுகிறேன். 1986இல் லம்போர்கினி, கவுன்டாக் என்ற தன் ஸ்போர்ட்ஸ் காரின் வி12 இன்ஜினைத் தூக்கி எல்எம்002 என்ற முரட்டு வண்டியில் வைத்தது. ஏறக்குறைய முந்நூறு வண்டிகளோடு கதை முடிந்தது. 2002இல் போர்ஷேயின் எஸ்யூவியான கயேன் வந்தபோது, அதே கம்பெனியின் 911 ஸ்போர்ட்ஸ் காரின் பிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். டர்போ மாடலில் 450 குதிரைத்திறன், கூடவே மலையேற லோ ரேஞ்ச் கியரும் வைத்திருந்தார்கள். அடுத்த தலைமுறையில் அந்த லோ ரேஞ்ச் காணாமல் போனது. யார் எதை உபயோகிக்கிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரியாதா? 2021இல் கயேன் டர்போ ஜிடி வந்தது. 640 குதிரைத்திறன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் 20.832 கி.மீ. சுற்றை 7 நிமிடம் 38.9 வினாடியில் முடித்தது. அந்த நேரத்தை எடுக்க என்ன செய்தார்கள் தெரியுமா? வண்டியை 17 மில்லிமீட்டர் வரை கீழே இறக்கினார்கள். உயரத்தை விற்கிறவர்களே வேகம் வேண்டும் என்றதும் முதலில் கைவைப்பது உயரத்தில்தான்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், பிடிக்குமா என்று கேட்டால் பிடிக்கும். மனமாரப் பிடிக்கும். தேவையே இல்லாத ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, உலகத்தின் கெட்டிக்கார இன்ஜினியர்கள் ராவும் பகலும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த விடையின் அடியில் நின்று பார்ப்பது என் பிழைப்பு என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒன்றைச் சும்மா கொடுத்தால் கயேனை எடுப்பேன். ஸ்டியரிங்கில் பொய் குறைவு. ரசிக்கச் சொன்னால் புரோசாங்குவே. டர்போவே இல்லாத 6.5 லிட்டர் வி12 இந்தக் காலத்தில் ஒரு குடும்பக் காரில்! அதற்கே ஒரு சல்யூட். 2018இல் வந்த மெர்சிடிஸ் ஜி63ஐ நிறையப் பேர் கிண்டல் செய்வார்கள். சேஸி மேல் பாடி, நேர்க்கோட்டில் வெட்டிய பெட்டி, 585 குதிரைத்திறன். வளைவில் வேகமாகத் திருப்பினால் தன் எடையை மறைக்காமல் சாய்ந்து காட்டும். எனக்கு அந்த வெளிப்படைத்தன்மை பிடித்திருக்கிறது. உள்ளே இருப்பவருக்கும் "போதும் ராசா" என்று உடம்பே சொல்லிவிடும்.

எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான், அது எனக்கு அடியிலிருந்து தெரியாது, எதிரில் நின்றால்தான் தெரியும். பானெட்டின் உயரம். அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, பானெட் 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டிகள் பாதசாரியை மோதினால், 30 அங்குலமும் அதற்குக் குறைவுமாகச் சரிந்த முகம் கொண்ட கார்களை விட உயிர்ச்சேதத்துக்கான வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். வளைவில் சாய்வதற்கு மோட்டார் வைத்தாயிற்று, எடைக்கு டிஸ்க் வைத்தாயிற்று. இந்த வட்டியை மட்டும் வண்டி வாங்கியவர் கட்டுவதில்லை, ரோட்டில் நடந்துபோகிறவர் கட்டுகிறார். உயரமான வண்டியை ஓட்டுகிற என் வாடிக்கையாளர்களிடம் இதை மட்டும் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

செகண்ட் ஹேண்டில் இந்த மாதிரி வண்டி பார்க்கிறவர்கள் எனக்கு அடிக்கடி போன் செய்வதால் இதையும் எழுதிவிடுகிறேன். சமதளத்தில் ராத்திரி முழுக்க நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் நான்கு சக்கரத்துக்கும் மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தணிந்திருந்தால் ஏர் ஸ்பிரிங் காற்று கசிகிறது. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் நெடுநேரம் முனகினாலும் அதே சந்தேகம்தான். கசிவை விட்டுவைத்தால் கம்ப்ரஸரும் சேர்ந்து போகும். கார்பன் செராமிக் டிஸ்க் என்றால் தடிமனோடு ஓரங்களையும் பாருங்கள். சக்கரம் கழற்றும்போது ரிம் இடித்து ஓரம் பெயர்ந்திருந்தால் டிஸ்க்கையே மாற்றச் சொல்லலாம். நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா, உள்விளிம்பு எப்படி இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதற்கெல்லாம் வண்டியை லிஃப்டில் ஏற்றியாகவேண்டும். "அதெல்லாம் எதுக்கு, நேத்துதான் சர்வீஸ் பண்ணுச்சு" என்று விற்கிறவர் இழுத்தால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.