எவர்சில்வர் டம்ளரும் காற்றின் கனமும்

வைகாசிப் புழுக்கத்தில் தார்சாவில் வந்து உட்காரும்போதெல்லாம் எங்கள் ஆச்சி, “எய்யா, காத்து கனத்துக் கெடக்கு” என்பார். ஈரக்காற்று உண்மையிலேயே கனமானதா என்று அளந்து பார்க்கும் ஆசை அந்தச் சொல்லிலிருந்துதான் எனக்குப் பிறந்தது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டிலேயே இரண்டு வாரமாக அளந்து வருகிறேன்.

ஒரு எவர்சில்வர் டம்ளர், இரண்டு வெப்பமானிகள், கொஞ்சம் ஐஸ்கட்டி ஆகியவையே என் கருவிகள். டம்ளரில் பாதியளவு நீர் ஊற்றி, ஐஸைச் சிறு சில்லுகளாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்து, வெளிப்புறப் பளபளப்பு மங்கும்போது நீரின் வெப்பநிலையையும், பிறகு அந்த மங்கல் மறையும்போது உள்ள வெப்பநிலையையும் குறித்து, இரண்டின் சராசரியைப் பனிநிலையாக, அதாவது காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையாகக் கொள்கிறேன். முதல் மூன்று நாள் அளவுகளைத் தள்ளிவிட்டேன். குனிந்து பார்த்தபோது என் மூச்சே டம்ளரில் பட்டு, அது முன்கூட்டியே மங்கிவிட்டது. இப்போது இடையில் ஒரு கண்ணாடித் தகட்டை நிறுத்திவைத்துப் பார்க்கிறேன்.

நேற்று காலை 6 மணிக்குக் காற்று 26 டிகிரி, பனிநிலை 23 டிகிரி. பிற்பகலில் காற்று 36 டிகிரி, பனிநிலை 22 டிகிரி.

இதிலிருந்து காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று கணக்கிடும்போது ஒரு பிழை செய்தேன். 22 டிகிரியில் ஒரு கன மீட்டரில் 19.4 கிராம் நீராவி நிறைந்திருக்கும் என்று அட்டவணை சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஆனால் அந்த ஆவி இருந்தது 36 டிகிரிக் காற்றில். அதே அழுத்தத்தில் சூடேறிய ஆவியும் காற்றைப் போலவே விரிந்துவிடும். கெல்வின் அளவில் (டிகிரியோடு 273 கூட்டியது) 295-ஐ 309-ஆல் வகுத்துப் பெருக்கியபோது 18.5 கிராம் வந்தது. காலையில் அது ஏறத்தாழ 20.4 கிராம்.

அடுத்து வந்த விடை என்னைப் பெரிதும் மகிழ்வித்தது. நீராவியின் மூலக்கூறு எடை 18, உலர்காற்றின் சராசரி 29. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஒரே கனஅளவில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே என்பதால், அந்த 18.5 கிராம் ஆவி கிட்டத்தட்ட 30 கிராம் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே 36 டிகிரியில் 1,142 கிராம் இருக்கவேண்டிய ஒரு கன மீட்டர் உலர்காற்று, ஈரத்தோடு 1,131 கிராமாகக் குறைகிறது. காலைக் காற்று 1,168 கிராம். ஈரத்தால் குறைவது 11 அல்லது 12 கிராம். பத்து டிகிரி வெப்பத்தால் உலர்காற்றில் குறைவதோ 38 கிராம். பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளுக்கும் இது பொருந்தும்: காற்றின் வேகம் மாறாதிருந்தால், இந்தப் பிற்பகல் காற்றில் கிடைக்கும் ஆற்றல் காலையைவிட 3 சதவீதம் குறைவு.

ஆச்சியிடம் ஈரக்காற்று இலேசானது என்று சொன்னேன். “அப்ப மேலு ஏன் கசகசங்கு?” என்று கேட்டார். காற்றில் ஆவி மிகுந்திருக்கும்போது வியர்வை எளிதில் உலர்வதில்லை, அந்த இறுக்கத்தைத்தான் நாம் கனம் என்கிறோம் என்று விளக்கினேன்.

இந்த எண்கள் யாவும் கடல்மட்ட அழுத்தமான 1,013 மில்லிபாரை வைத்துக் கணக்கிட்டவை. எங்கள் ஊர் கடல்மட்டத்துக்கு மேலே இருப்பதால் உண்மை அளவுகள் சற்றுக் குறையும். ஒரு அழுத்தமானி வாங்கியதும், சாரல் தொடங்குவதற்குள் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடப் போகிறேன்.