மூன்று நாட்டு மேசை

சுவிஸ் நகரமான பாசலில் ஒரு போக்குவரத்துத் திட்டமிடல் கந்தோரில் வேலை செய்கிறேன். சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் மூன்றும் ரைன் நதிக்கரையில் முட்டிக்கொள்ளும் ஊர் இது. எல்லை தாண்டிப் போகும் ட்ராம் பாதைகள் பற்றிய கூட்டங்களில் வரைபடம் விரிப்பதும் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு. நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு என்றால் சனம் தலைவர்கள் கைகுலுக்கும் படத்தைத்தான் நினைக்கும். என்னைக் கேட்டால் அதில் முக்கால்வாசி, ஒருவர் மற்றவரின் அனுமதிக்காகக் காத்திருப்பது.

மேசையைச் சுற்றி எல்லாக் கதிரையும் ஒரே உயரம். அதில் இருப்பவர்களின் அதிகாரம் அப்படி இல்லை. பாசல் நகரம் பக்கத்து இரண்டு ஊர்களோடு சேர்ந்து ஒரு கன்டோன், அதாவது தனக்கென்று பாராளுமன்றமும் வரியும் உள்ள மாநிலம். ஆனால் எதிர்ப்பாளர்கள் கையெழுத்துச் சேர்த்தால் பெரிய செலவு எதுவும் வாக்கெடுப்புக்குப் போய்விடும். வைல் அம் ரைன் ஜேர்மனியின் சிறிய நகரம். அதன் மேயரை மக்கள் நேரடியாக 8 ஆண்டுகளுக்குத் தெரிவு செய்கிறார்கள். அதனால் துணிந்து பேசலாம். காசுக்கு மட்டும் லொராக் மாவட்டத்தையும் மாநிலத் தலைநகரான ஸ்டுட்கார்ட்டையும் பார்க்க வேண்டும். பிரான்ஸ் பக்கத்துச் சென் லூயிக்கோ கம்யூன் எனப்படும் உள்ளூராட்சிகளின் கூட்டமைப்பு, பிராந்தியம், பாரிஸ் நியமிக்கும் அரச பிரதிநிதியான ப்ரெஃபே என்று படிகள். "பார்த்துச் சொல்கிறேன்" என்று மூவரும்தான் சொல்வார்கள். யார் சொன்னால் எத்தனை மாதம் என்பது இந்த வேலையில் இருந்து பழகினால்தான் பிடிபடும். அப்புறம் ஓகஸ்டில் விடுமுறை என்று பிரான்ஸ் பக்கம் ஆளே இருக்காது. பாசலில் ஃபாஸ்நாக்ட் என்ற முகமூடித் திருவிழா நடக்கும் மூன்று நாளும் எங்கள் பக்கம் யாரும் தொலைபேசி எடுக்க மாட்டார்கள்.

உள்ளூராட்சிகள் இப்படி நேருக்கு நேர் ஒப்பந்தம் போடுவதற்குத் தெளிவான சட்ட அடித்தளம் தந்தது 1996ஆம் ஆண்டின் கார்ல்ஸ்ரூவ ஒப்பந்தம். பாசல் பகுதிக்கு 2007இல் மூன்று நாட்டுக்கும் பொதுவான யூரோ மாவட்ட அமைப்பு வந்தது. அதன் கந்தோர் பிரான்சில், பால்மரைன் பாலத்துக்குப் பக்கத்தில்.

8ஆம் இலக்க ட்ராம் 2014 டிசம்பரில் வைல் வரை நீண்டது. எல்லை தாண்டியதும் ஜேர்மன் ட்ராம் விதிகள். பயணச்சீட்டுக்கு இரண்டு போக்குவரத்துக் கூட்டமைப்புகள், இரண்டு நாணயம். இவை எதிர்பார்த்த தலையிடிதான். அப்பால் உள்ள ஒரு தரிப்பிடத்தில் பனியை யார் அள்ளுவது என்பதற்கும் ஒரு காலைப்பொழுது போனது. நிலம் ஜேர்மனி, வண்டி சுவிஸ். விடியற்காலை ஒருவர் வழுக்கி விழுந்து கையை உடைத்தால் எந்த நாட்டுக் காப்புறுதி? சிரிப்பாக இருக்கும். ஆனால் அதை எழுதி வைக்காமல் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். போடவும் கூடாது.

காசு விஷயத்தில் சுவிஸ் செய்ததை நான் மெச்சுவேன். நகரப் பகுதிகளின் போக்குவரத்துக்கு பேர்ன், அதாவது சுவிஸ் மத்திய அரசு, ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு, வெளிநாட்டு மண்ணில் போட்ட தண்டவாளத்துக்கும் போனது. தர்மம் ஒன்றும் இல்லை, நல்ல கணக்கு. பாசல் நகரக் கன்டோனுக்கு மட்டும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் எல்லாரும் காரில் வந்தால் நகரம் தாங்காது.

ஆனால் 8இல் ஏறிப் பார்த்தால் சனிக்கிழமை வேறு கதை. வேலைக்கு வருகிறவர்களை விட, வைலில் சாமான் வாங்கப் போகிற பாசல்காரர்கள்தான் அதிகம். விலையும் குறைவு, கடையில் தரும் பச்சை நிற ஏற்றுமதிச் சீட்டுக்குச் சுங்கத்தில் முத்திரை வாங்கினால் ஜேர்மன் வரியும் திரும்பக் கிடைக்கும். எங்கள் தமிழ்ச் சனமும் அதில் உண்டு. இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோதான் என்ற கணக்கு எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாசல் கடைக்காரர்களுக்கு இந்தப் பாதையில் கோபம் இருந்தால் நியாயம்தான். 2017 டிசம்பரில் சென் லூயி ரயில் நிலையம் வரை போன 3ஆம் இலக்கத்தில் இந்த நெரிசல் இல்லை. நான் போகும் நேரங்களில் எல்லை தாண்டியதும் நினைத்த இடத்தில் இருக்கலாம். நிலையத்தைச் சுற்றிய இடம் வளர்ந்தால் சனம் வரும் என்று நம்பிப் போட்ட பாதை அது. அதைத் தோல்வி என்று சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

2020 மார்ச்சில் எல்லைகளை மூடியபோது இரண்டு ட்ராமும் சுவிஸ் பக்கத்திலேயே திரும்பின. பாசலுக்குப் பக்கத்து ஊரான ரீகனின் எல்லையில் வேலியும் போட்டார்கள். எங்கள் மேசையில் இருந்த எவரையும் கேட்டு அது நடக்கவில்லை. பேர்னும் பெர்லினும் பாரிசும் முடிவு செய்தன. ஜூன் 15இல் திறந்தார்கள்.

2025 ஜனவரியிலும் அப்படித்தான். வெளிநாட்டில் வாங்கும் சாமானுக்கு இருந்த 300 பிராங் வரிவிலக்கை 150 ஆகக் குறைத்தது பேர்ன். 8ஆம் இலக்கத்தின் சனிக்கிழமைக் கூட்டம் குறையுமா என்று கந்தோரில் பேசிக்கொண்டோம். வீட்டில் என் மனைவிக்கு அதில் சந்தேகமே இல்லை: விலக்கு ஆளுக்கு 150தானே, இனி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் சரி என்கிறாள்.