வேனுக்குள் இருந்தவன்

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு, எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றிருந்த என் கையில் ஒரு ஜல்லிக்கல் இருந்தது. ரோடு போடுவதற்காக ஓரத்தில் கொட்டியிருந்த குவியலிலிருந்து எடுத்தது. அன்று நடந்ததை வழக்கு முடிகிறவரை எங்கேயும் எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். வழக்கு போன வருடம் முடிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அம்பத்தூர் பக்கம், கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற பிரஸ் ஷாப்பில் நான் ஆபரேட்டர். பவர் பிரஸ்ஸில் கை உள்ளே இருக்கும்போது மேல் டை, அதாவது மேலிருந்து அழுத்துகிற அச்சு, இறங்கக் கூடாது. அதற்கென்று சென்சார் உண்டு, கை குறுக்கே வந்தால் மிஷின் நின்றுவிடும். ஆனால் மிஷின் நின்றால் உற்பத்தி குறையும். டார்கெட்டை ஏற்றிய மாதத்தில் அந்தச் சென்சாரை ஆஃப் செய்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். மூன்றாவது வாரம், பக்கத்து மிஷினில் நின்றவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. தனியாக ஒரு சத்தமும் கேட்கவில்லை. டை இறங்குகிற அதே ‘தட்’, நாள் முழுக்கக் கேட்கிற ‘தட்’. அவர் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். எங்களுக்குப் புரிவதற்கே சில வினாடி ஆனது. ரெஜிஸ்டரில் ‘கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து’ என்று எழுதினார்கள். ஏன் சென்சாரை ஆஃப் செய்தீர்கள் என்று கேட்ட இரண்டு பேருக்குச் சஸ்பென்ஷன். சம்பள ஒப்பந்தம் முடிந்து பதினான்கு மாதம் ஆகியும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடாத கோபமும் இருந்தது. ஸ்ட்ரைக்கில் இறங்கிவிட்டோம்.

பத்தொன்பதாம் நாள்தான் நான் சொல்லும் அந்தக் காலை. அதற்கு முந்தைய பத்து நாளாக மூன்று வேன்களில் ஆட்களைக் கொண்டுவந்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்கள். வடக்கேயிருந்து வந்த கான்ட்ராக்ட் பையன்கள். நாங்கள் வெளியே உட்கார்ந்திருக்க, உள்ளேயிருந்து பிரஸ் சத்தம் கேட்கும். ஒரு தொழிலாளிக்கு அதைவிடக் கொடுமையான சத்தம் கிடையாது. என் மிஷினின் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். வேறு யாரோ அதை ஓட்டுகிறார்கள், நம் வீட்டில் அரிசி இல்லை. அப்படித்தான் மனசு போகும்.

மூன்றாவது வேன் வளைவில் திரும்பியபோது யாரோ “கருங்காலிங்கடா!” என்று கத்தினார்கள். முதல் கல் என்னுடையது இல்லை. ஆனால் என் கல்லும் போனது.

ஜன்னல் கண்ணாடி மொத்தமாகக் கொட்டியது. வேன் நின்றது. ஜன்னலோரம் ஒரு பையன், பத்தொன்பது இருபது வயது இருக்கும். அவன் கத்தவில்லை. எங்களைப் பார்க்கக்கூட இல்லை. வேனிலேயே சாப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறான், மடியில் சில்வர் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. முடியெல்லாம் கண்ணாடித் தூள். அவன் குனிந்து, சோற்றில் விழுந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தான். பதற்றத்தில் செய்ததா, அந்தச் சோற்றை விட மனசு வரவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்புறம் போலீஸ் ஓடி வந்தது, தடியடி, நாங்கள் சிதறினோம். கண்ணை மூடினால் எனக்கு இப்போதும் அந்த விரல்கள்தான் தெரிகின்றன.

பதினோரு பேர் மேல் வழக்கு. பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைத் தடுக்க 1992-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. பிற்பாடு தனியார் சொத்தையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். உடைந்த கண்ணாடிக்கு அந்தச் சட்டம். உடைந்த விரலுக்கு ரெஜிஸ்டரில் ஒரு வரி. பத்திரிகையில் எங்களைப் பற்றி ‘தொழிலாளர்கள் வன்முறை’ என்று செய்தி வந்தது. அதற்கு முந்தைய மாதம் விரல் போனபோது செய்தியே வரவில்லை.

புழல் சிறையில் பதினாறு நாள் இருந்தேன். கூட இருந்தவர்களில் எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர், சங்கத்தில் மூத்தவர். ராத்திரி பேச்சு முழுக்க வேன் பையன்களைத் திட்டுவதாகவே இருந்தது. கருங்காலி, கருங்காலி என்று நான்தான் அதிகம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அவர் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, நீ சொல்ற கருங்காலி எங்க தாத்தா.”

புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவர் அவர். அவருடைய தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு மில்கள், நிர்வாகம் ஒன்று. 1918 ஏப்ரல் 27 அன்று அந்தத் தொழிலாளர்களுக்காகத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று என்று இந்தியா முழுக்கச் சொல்வார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. என்று பெயர்களைச் சங்க வகுப்பில் நான் மனப்பாடம் செய்திருந்தேன். 1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் இறந்ததும், வாடியா மேல் கம்பெனி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அவரைச் சங்கத்திலிருந்தே விலக வைத்ததும், அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததும் தெரியும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கதை அதோடு நின்றுவிடும்.

அண்ணன் சொன்னது அதற்கு அடுத்த கதை. 1921 மே மாதம் கர்நாடிக் மில்லில் ஸ்ட்ரைக் தொடங்கியது. ஜூனில் பக்கிங்ஹாமும் சேர்ந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் சேரவில்லை. முந்தைய போராட்டத்தில் பட்டினி கிடந்து, கடனாளியாகி நொந்துபோயிருந்தவர்கள். இனியும் தாங்காது, வேலைக்குப் போங்கள் என்று ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்களுக்குச் சொன்னார். ஊருக்குள் தொட மறுக்கிறவர்கள், தண்ணீர் எடுக்க விடாதவர்கள், மில் வாசலில் மட்டும் ‘தோழா, வெளியே வா’ என்றால் எந்த நம்பிக்கையில் வருவான்? அண்ணன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பதில் இல்லை.

ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஸ்ட்ரைக்கில் இருந்த சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், ஆதிதிராவிடர்கள் ஒரு பக்கம். பதிலுக்குப் பதில், தெருத்தெருவாகக் கல்வீச்சு, தீவைப்பு, மாதக் கணக்கில். வீடிழந்த ஆதிதிராவிடக் குடும்பங்களை அரசு வியாசர்பாடியில் முகாம் போட்டுத் தங்கவைத்தது. அண்ணனின் தாத்தா அங்கே இருந்தவர். ஆகஸ்டு இறுதியில் மறுபடி போலீஸ் துப்பாக்கிச் சூடு, மறுபடி பிணங்கள். அக்டோபரில் ஸ்ட்ரைக் தோற்றது. அப்போது மாகாணத்தை ஆண்டுகொண்டிருந்த நீதிக்கட்சிக்குள்ளும் இந்தக் கலவரம் பெரிய விரிசலை உண்டாக்கியது.

“எல்லாரோட குடிசையும் எரிஞ்சுது தம்பி, மில்லு எரியல” என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். துண்டை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார்.

நான் தூங்கவில்லை. மில் எரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மாதக் கணக்கில் நடந்த அந்தக் கலவரத்தில் எந்தப் பங்குதாரரும் தெருவுக்கு வர வேண்டிய அவசியமே ஏற்படவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. லாபக் கணக்கு ஒரு இடத்தில், கல் இன்னொரு இடத்தில். சாதியை மில் முதலாளி கண்டுபிடிக்கவில்லை, அது அவனுக்கு முன்னாலேயே இங்கே இருந்தது. அவனுக்கு வேண்டியதெல்லாம் பசித்த இரண்டு கூட்டம். அவர்களுக்கு நடுவே கோட்டை நாமே போட்டு வைத்திருந்தோம். தீயை வைத்த கைகள் தொழிலாளியின் கைகள் என்பதை நான் மறைக்க மாட்டேன். அந்தக் குற்றத்தை முதலாளி மேல் தள்ளிவிட்டு நம் சங்க வரலாற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெளியே வந்த பிறகு தேடித் தேடிப் படித்தேன். கீழ்வெண்மணி எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இந்தக் கண்ணோடு படித்தபோது வேறு மாதிரி இருந்தது. அங்கேயும் கூலி உயர்வு கேட்டவர்கள் மேல் வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்யவைத்தார்கள். கைகலப்பு அங்கே மூண்டது. 1968 டிசம்பர் 25 இரவு ராமய்யாவின் குடிசையில் அடைக்கலம் புகுந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் இன்னும் சிலரையும் தண்டித்தது. 1973-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஏராளமான நிலம் வைத்திருக்கிற பணக்காரர்கள், கார் வைத்திருக்கிறவர், தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்கிற ரீதியில் போகிறது அந்தத் தீர்ப்பின் வாதம். பணக்காரன் தெருவில் இறங்க மாட்டான் என்பதே அவன் அங்கே இல்லை என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்குக் கை நடுங்கியது.

1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலம். தடியடியில் சிதறி ஓடியவர்கள் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. அன்றைக்கும் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பெனியின் ஆள் ஒருவர்கூட அந்த ஆற்றுப் பக்கம் நிற்கவில்லை. தொழிலாளி இருந்தான், காக்கிச் சட்டை போட்ட இன்னொரு சம்பளக்காரன் இருந்தான், ஆறு இருந்தது.

கருங்காலி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோடரிக்குக் காம்பு போடுகிற உறுதியான மரம் அது, தன் இனத்தையே வெட்ட உதவுகிற மரம் என்று அந்தப் பெயர் வந்தது. நாங்கள் எத்தனையோ முறை தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம். காம்பைப் பிடித்திருக்கிற கையைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை. இப்போது நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. தோழர்கள் சிலருக்கு இதில் என் மேல் வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

ஸ்ட்ரைக் நாற்பத்து மூன்றாம் நாள் பாதி வெற்றியோடு முடிந்தது. சென்சார் திரும்ப வந்தது. ஒப்பந்தம் போட்டார்கள், கேட்டதில் பாதிகூட இல்லை. சஸ்பென்ஷனில் இருந்த இருவரில் ஒருவரைத் திரும்ப எடுக்கவில்லை. வேனில் வந்த பையன்களை அனுப்பவும் இல்லை. பேக்கிங்கில், லோடிங்கில், கொஞ்ச நாளில் பிரஸ் ஷாப்பிலேயே எங்கள் பக்கத்து மிஷினில் நின்றார்கள். நிரந்தரமான வேலையில் கான்ட்ராக்ட் ஆட்களை வைப்பதைத் தடை செய்ய 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருந்தது. அந்த வழியில் நடந்துபோன ஒருவரை நான் நேரில் பார்த்தது கிடையாது.

அந்த டிபன் பாக்ஸ் பையன் எனக்கு இரண்டு மிஷின் தள்ளி நின்றான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நான் அவன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஒரு நாள் நைட் ஷிஃப்டில் டீ குடிக்கும்போது தானாகவே பேச வந்தான். தமிழ் ஓரளவு பழகியிருந்தான். அவனுக்கு எங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தங்குகிற அறைக்குப் பிடித்தம், சாப்பாட்டுக்குப் பிடித்தம், ஊரிலிருந்து கூட்டிவந்த ரயில் டிக்கெட்டுக்குப் பிடித்தம். சொல்லிக்கொண்டே வந்தவன், “முதல் மாசம் வேன் கண்ணாடிக்கும் பிடிச்சாங்க அண்ணா, எல்லார்கிட்டயும்” என்றான்.

வேன் கண்ணாடிக்கு எங்கள் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதே கண்ணாடிக்கு அவன் கூலியிலும் எடுத்திருக்கிறார்கள். நான் எறிந்த கல்லுக்கு அவன் காசு கொடுத்திருக்கிறான். அன்று ராத்திரியே அவனிடம் சொல்லிவிட்டேன், அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், கல் எறிந்தேன் என்று. அவன் கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அன்னிக்கு ரொம்ப பயமா இருந்துச்சு” என்றான். அப்புறம் ஷிஃப்ட் பெல் அடித்துவிட்டது.

கான்ட்ராக்ட் ஆட்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று நானும் எலக்ட்ரீஷியன் அண்ணனும் ஆறு வருடம் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் பேசினோம். அவர்கள் நிலையாக இருக்க மாட்டார்கள், சந்தா வராது, பாஷை தெரியாது என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. அண்ணன் இப்போது இல்லை. தீர்மானம் நிறைவேறியது அவர் இறந்த பிறகுதான்.

போன மாதக் கேட் மீட்டிங்குக்கு முதல்முறையாக நோட்டீஸை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இந்தியிலும் அச்சடித்தோம். பையனிடம் பெருமையோடுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்திப் பக்கம் தனக்கு மெதுவாகத்தான் படிக்க வரும் என்றான். அவர்கள் லைனில் பாதிப் பேர் ஒடிசாக்காரர்களாம். பன்னிரண்டு வருடமாக அவர்களை ‘இந்திக்காரப் பசங்க’ என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அடுத்த நோட்டீஸின் வாசகத்தை அவனே ஒரு தாளில் ஒடியாவில் எழுதிக் கொடுத்திருக்கிறான். வட்ட வட்டமான எழுத்து. இங்கே எந்த அச்சகத்தில் ஒடியாவில் டைப் அடித்துத் தருவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.