வண்டிக்கு நிழல், பேனலுக்கு வெயில்

ஆறு மாதமாக ஒரே வம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வேலூர் வெயிலுக்கு வண்டியை நிழலில்தான் நிறுத்த முடியும். அதே வண்டிக்குக் கரண்ட் தரவேண்டிய சோலார் பேனலோ வெயிலில் காய வேண்டும்.

வண்டி பழைய மாருதி ஆம்னி வேன், ஊர் சுற்றப் போகும்போது ராத்திரி அதிலேயே படுக்கத்தான். பின்சீட்டைக் கழற்றிவிட்டு பிளைவுட்டில் கட்டில் போட்டிருக்கிறேன். இரண்டு பேர் படுக்கலாம், காலை நீட்டினால் ஸ்டவ் இடிக்கும். தேவையும் பெரிதில்லை: இரவு பத்து மணி நேரம் ஓட ஒரு 12 வோல்ட் ஃபேன், இரண்டு எல்இடி விளக்கு, இரண்டு போன். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 280 வாட் அவர் (ஒரு வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் அவர்). 100 வாட் பேனல் ஒன்று, நல்ல வெயில் நாளில் இழப்பெல்லாம் போக 350 வரை தரும். ஃபிரிட்ஜ் ஆசையை அந்தக் கணக்கைப் போட்ட அன்றே விட்டுவிட்டேன்.

முதலில் வீட்டு இன்வெர்ட்டரின் பழைய பேட்டரியை ஏற்றிப் பார்த்தேன். தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் வேறு விடும், அதன் பக்கத்தில் தலை வைத்துப் படுப்பது நல்லதில்லை. பிறகு வாங்கியது 12.8 வோல்ட், 50 ஆம்ப் அவர் லித்தியம் பேட்டரி. 640 வாட் அவர், இரண்டு ராத்திரிக்குத் தாங்கும்.

சரி, பேனலை எங்கே வைப்பது? தை மாதம் ஏலகிரிக்கு, நண்பரிடம் இரவல் வாங்கிய மடக்கு பேனலோடு போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி, வண்டியை மரத்தடியில் விட்டு, பேனலை வெயிலில் விரித்தேன். மீட்டர் 80 வாட் வரை காட்டியது. சந்தோஷம் அரை மணி நேரம்தான். காற்று ஒரு தடவை கவிழ்த்தது. அப்புறம் ஒரு குரங்கு வந்து கேபிளைச் சடையைப் பிடித்து இழுப்பதுபோல் இழுக்க ஆரம்பித்தது. "பேனலுக்குக் காவல் இருக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி.

ஊர் திரும்பியதும் கண்ணாடி பேனல் ஒன்று வாங்கி, கூரை கேரியரில் போல்ட் போட்டு இறுக்கினேன். கூரையில் ஓட்டை போட மனம் வரவில்லை, ஐப்பசி மழையில் ஒழுகும். ஓடும்போதும் சார்ஜ் ஏறும், விரிக்க மடக்க வேண்டியதில்லை, குரங்குக்கும் வேலையில்லை. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

மே மாதம் ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பக்கம். புளியமரத்தடியில் வண்டி. மீட்டரைப் பார்த்தால் 6 வாட்! பேனலில் பாதிக்கு மேல் வெயில்தான், ஒரு ஓரத்தில் மட்டும் கிளை நிழல். பாதியாவது வர வேண்டாமா? இங்கேதான் எனக்குப் பாடம். இந்த பேனலில் 36 செல்கள் வரிசையாகக் கோத்திருக்கும், பதினெட்டுக்கு ஒன்றாக இரண்டு பைபாஸ் டயோடு, அதாவது நிழல் விழுந்த செல்களைச் சுற்றிக் கரண்ட் போக மாற்றுப்பாதை. ஒரு செல்லை நிழல் மூடினாலும் அந்தப் பதினெட்டும் ஒதுக்கப்படும். மிச்சப் பாதியின் வோல்டேஜ் 9 சொச்சம்தான். 12 வோல்ட் பேட்டரிக்குள் அது எப்படிப் போகும்?

வண்டியை வெயிலுக்கு நகர்த்தினேன், 74 வாட் வந்தது. ஆனால் உள்ளே இட்லிப்பானை. பேனலின் பின்பக்கம் தொட்டால் சுட்டது, தெர்மாமீட்டர் 66 டிகிரி காட்டியது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும் என்பதால், சூட்டிலேயே 16 வாட் போச்சு. அடியில் காற்றுப் போக இரண்டு அங்குலமாவது இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

சாய்வு விஷயத்திலும் ஏமாந்தேன். தெற்குப் பார்த்துச் சாய்க்கணும் என்று எல்லோரும் சொல்வார்கள். நம் ஊர் அட்சரேகை 13 டிகிரிக்குப் பக்கம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். அப்போது படுக்க வைப்பதே மேல். மார்கழியில் படுக்க வைத்தால் மட்டும் உச்சி வேளையிலேயே ஐந்தில் ஒரு பங்கு போகும்.

கடைசியில், கூரையா தரையா என்ற கேள்வியையே விட்டுவிட்டேன். காட்பாடி ரோட்டில் வெல்டிங் போடும் தம்பியிடம் நிலைமையைச் சொன்னேன். "இன்னா சார், எட்டு கிலோகூட இல்லை. போல்ட்டுக்கு பதிலா கையால் திருகுற நட்டு போட்டா கழட்டி இறக்கிடலாமே" என்றார். அதேதான் செய்தோம். ஓடும்போது கூரையில், இரண்டு அங்குல பைப் துண்டுகள் மேல். நிறுத்தினால் இரண்டே நிமிடத்தில் இறக்கி, இரும்புக் காலில் நிறுத்தி, சைக்கிள் செயின் போட்டுப் பூட்டிவிடுவேன். வீட்டில் கிடந்த 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரை பத்து மீட்டர் இழுத்தபோது முக்கால் வோல்ட் வழியிலேயே காணாமல் போனது. 4 ஸ்கொயருக்கு மாற்றியதும் அரை வோல்ட்டுக்குள் அடங்கியது.

போன வாரம் அமிர்தி பக்கம் ஒரு பகல் முழுக்கப் பரீட்சை. வண்டி நிழலில், பேனல் பத்து மீட்டர் தள்ளி வெயிலில், 81 வாட். குரங்குக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. கேபிளைப் பழைய தோட்டக் குழாய்க்குள் விட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கொல்லையில் இருக்கும் குழாயை வெட்ட வீட்டில் அனுமதி கேட்டாயிற்று, பதில் வரவில்லை.