கடல் படம்னா புயல் வந்தே ஆகணுமா?

தமிழ்ல கடல் படம்னு ஒண்ணு எடுத்தா அதுல என்னென்ன இருக்கும்னு எங்க பாம்பன் பக்கத்துப் பயலுவ யாரக் கேட்டாலும் படம் பாக்காமலே சொல்லிருவாய்ங்க. ஹீரோ கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சட்டை பட்டன் போடாம வருவான், கழுத்துல சிலுவையோ தாயத்தோ ஆடும், ஹீரோயின் மீன் கூடையோட வந்து மொதல்ல சண்டை போட்டுட்டு அப்புறம் லவ் பண்ணும், எல்லாரையும் கடன்ல வச்சிருக்கிற முதலாளி ஒருத்தன் இருப்பான், ரெண்டு ஊருக்கு நடுவுல பகை இருக்கும், கடைசி இருவது நிமிசம் புயல். இது இன்னைக்கு நேத்து வந்த ஃபார்முலாவும் இல்ல. 1964 தீபாவளிக்கு எம்.ஜி.ஆர் நடிச்ச படகோட்டி வந்துச்சே, அதுலயே ரெண்டு மீனவக் கூட்டமும் அவங்க பகைய மூட்டிவிட்டுக் குளிர்காயிற பணக்காரனும் இருக்கு.

எனக்கு ஃபார்முலா மேல கோவம் கிடையாது, அத முதல்லயே சொல்லிர்றேன். டிக்கெட் எடுத்து உள்ள போறவனுக்கு என்ன வரும்னு பாதி தெரிஞ்சிருக்கணும், மீதி தெரியாம இருக்கணும், அதுலதான் ருசியே. பேய் படத்துல அந்தப் பூட்டுன ரூம தொறக்கக் கூடாதுன்னு நமக்குத் தெரியும், தொறப்பான்னும் தெரியும், எப்ப தொறப்பான்னுதான் சீட்டு நுனியில உக்காந்திருக்கோம். ஹீரோ என்ட்ரிய எல்லாரும் குறை சொல்றாங்க, மொதல்ல கால், அப்புறம் கை, அப்புறம் முதுகு, கடைசியாத்தான் மூஞ்சின்னு. தெருக்கூத்து பாத்தவங்களுக்குத் தெரியும், அங்க ராஜா வேஷம் வரும்போது ரெண்டு பேரு துணிய திரையாப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, வேஷக்காரரு அதுக்குப் பின்னாடி நின்னு பாடி ஆடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் முகத்தக் காட்டுவாரு, கட்டியங்காரன் வந்து நீ யாரு எவருன்னு கேட்டு வம்பிழுப்பான். இன்னைக்கு ஹீரோவுக்கு பக்கத்துலயே நின்னு பில்டப் குடுக்குற காமெடியன் அந்தக் கட்டியங்காரனோட வாரிசுன்னுதான் நான் நெனைக்கிறேன். ஜனங்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இம்புட்டு காலம் நிக்குதுன்னா அதுல ஏதோ இருக்கு.

இன்னும் பின்னாடி போனா தொல்காப்பியம் இருக்கு. நெலத்துக்கு ஒரு உணர்ச்சின்னு பிரிச்சு வச்சது நம்மாளுங்கதான். குறிஞ்சின்னா சேர்றது, டூயட் பாட்டுன்னா ஊட்டி கொடைக்கானல்னு மலைக்கு ஓடுறதும் அந்தப் பழக்கம்தானோன்னு எனக்கு அடிக்கடி தோணும். மருதம்னா ஊடல், பாலைன்னா பிரிவு. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதுக்குச் சொன்னது இரங்கல். போனவன் இன்னும் வரலியேன்னு கரையில நின்னு கலங்குறது. புயல் இல்ல, சண்டை இல்ல, காத்துக்கிட்டுக் கெடக்குறது. கடலுக்குன்னு எழுதி வச்ச மொத ஃபார்முலா அதுதான், எங்க கரைக்கு அது இன்னைக்கும் அப்படியே பொருந்துது. நடுவுல சினிமாதான் அத விட்டுட்டு புயலப் பிடிச்சுக்கிச்சு.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அந்த தடைக்காலத்துல எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்க படகுக்கு மராமத்து பாத்தது போக மிச்ச நேரம் டிவியில படம்தான். கடல் படம் ஓடுனா சித்தப்பா முழுசா உக்காந்து பாப்பாரு. ஒரு தடவ கிளைமாக்ஸ்ல பனைமரம் ஒசரத்துக்கு அலை வருது, ஹீரோ ஒத்த ஆளா வல்லத்த எடுத்துக்கிட்டு உள்ள போறான்.

"இது எந்தக் கடல்டா?"ன்னு கேட்டாரு.

"ஏன் சித்தப்பா?"

"புயல் கூண்டு ஏத்துன அன்னைக்கு எவன்டா டோக்கன் குடுப்பான் கடலுக்குப் போக? போட்டெல்லாம் நங்கூரம் போட்டு நிக்கும். புயலுக்கு நாங்க பயந்தா கரையில இருந்துதான் பயப்படுவோம். கடலுக்குள்ள பயம் வேற."

அந்த 'வேற' என்னன்னு எங்க ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. எங்களுக்கு ரெண்டு கடல், வடக்க பாக் விரிகுடா பெண் கடல், தெக்க மன்னார் வளைகுடா ஆண் கடல். வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல வடக்கு பொங்கும், தெக்கத்திக் காத்து அடிச்சா தெக்கு பொங்கும். வடக்க நிறைய இடத்துல பத்துப் பாகம் கூட ஆழம் கிடையாது, ஒரு பாகம்னா ஆறடி. அந்த ஆழமில்லாத கடல் நடுவுலதான் 1974ல இலங்கையோட ஒப்பந்தம் போட்டு இழுத்த எல்லைக் கோடு ஓடுது. தண்ணியில கோடு தெரியாது. ராத்திரியில ஜிபிஎஸ் பெட்டியில மட்டும் தெரியும். வலைய விட்டுட்டு இழுத்துக்கிட்டுப் போகும்போது தூரத்துல ஒரு லைட்டு தெரிஞ்சா அது இன்னொரு போட்டா, இலங்கை நேவியான்னு தெரியற வரைக்கும் யாரும் பேச மாட்டாங்க, அந்த நேரம் பாத்து எஞ்சின் மக்கர் பண்ணிருச்சுன்னா நீரோட்டம் எங்கிட்டு இழுக்குதுன்னு பாத்துக்கிட்டு நிக்கணும்.

இத அப்படியே சொல்லிப் பாருங்க, இது திரில்லர். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, தாண்டக் கூடாத கோடு, ஓடுற நேரம், தப்பிக்க வழியில்லாத சின்ன இடம், கூட இருக்கிற நாலஞ்சு பேருல யாரு பதறுவா யாரு நிதானமா இருப்பாங்கிற கேள்வி. திரில்லருக்கு என்னென்ன ரூல் உண்டோ அம்புட்டும் எங்க சாதாரண ஒரு ராத்திரியில இருக்கு. ஆனா எங்க கதைய எடுக்க வர்றவங்க எல்லாரும் 'மீனவர் படம்'ங்கிற ஒரே டப்பாவத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. ஃபார்முலா தப்பில்ல, எங்களுக்கு எடுத்த ஃபார்முலாதான் தப்புன்னு நான் சொல்றது இதைத்தான்.

இலங்கை நேவி பிடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னா அடுத்து கோர்ட் படம். ஊர்காவற்துறை கோர்ட்டு, யாழ்ப்பாணம் ஜெயிலு, தள்ளித் தள்ளிப் போற வாய்தா, விடுதலையாகி வந்தாலும் அங்கயே நின்னுபோற போட்டு, இங்க அந்தப் போட்டுக்கு வாங்குன கடன். கோர்ட் படத்துல வில்லன் வக்கீலு ஒருத்தன் இருப்பான்ல, இங்க அதுவும் லேசுல அமையாது. நம்ம விசைப்படகு கடல் தரையோட வாரி இழுக்குற இழுவை மடியில அங்கிட்டு அறுபடுறதும் தமிழ் மீனவன் வலைதான், 2009ல போர் முடிஞ்சப்புறம்தான் திரும்பத் தொழிலுக்கு வந்தவன் அவன். இலங்கையில 2017ல இழுவைமடிக்குத் தடையே போட்டுட்டாங்க. ரெண்டு கரையிலயும் நியாயம் இருக்குன்னு வச்சு ஒருத்தர் திரைக்கதை எழுதுனா நான் மொத ஷோவே போவேன், ஊரையும் கூட்டிக்கிட்டுப் போவேன்.

பேய் படம் எடுக்குறவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், இது எனக்கு மனசுல ரொம்ப நாளாக் கெடக்கு. தமிழ்ப் பேய்க்கு ஒரு தனி இலக்கணம் உண்டு, அது சும்மா கொல்லாது. இன்டர்வலுக்கு அப்புறம் ஃப்ளாஷ்பேக் வரும், அதுக்கு அநியாயம் நடந்திருக்கும், செஞ்சவனப் பழி வாங்கிட்டு சாந்தியாகிப் போயிரும், நாமளும் பேய் பக்கம் நின்னு கைதட்டுவோம். அநியாயமாச் செத்தவங்களச் சாமியா நட்டுக் கும்புடுற தெக்கத்திச் சீமையில இந்தக் கதை எடுபடாம எங்க எடுபடும். ஆனா தனுஷ்கோடிக்கு கேமராவத் தூக்கிக்கிட்டு வந்து இடிஞ்ச சர்ச்ச ராத்திரியில லைட்டு போட்டுக் காட்டி பேய் ஊருங்கிறாங்க பாருங்க, அது எனக்குப் பொறுக்கல. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல செத்துப் போனது எங்க ஜனங்க. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலு ஆளோட போச்சு. அங்க பழி வாங்குறதுக்கு ஒரு வில்லன் கிடையாது, கடல்தான் வந்துச்சு. ஃப்ளாஷ்பேக்ல காட்ட அநியாயம் பண்ணவன் இல்லாத எடத்துல அந்தப் பேய் இலக்கணம் நிக்காது. அங்க இன்னும் குடிசை போட்டுக்கிட்டு கரைவலை இழுக்குற குடும்பங்க இருக்கு. அவங்க முகத்த விட்டுட்டு சுவத்த மட்டும் படம் பிடிக்கிறது என்ன நியாயம்.

போலீஸ் படத்துல நாங்க ரெண்டு விதமா வருவோம். ஒண்ணு, நேர்மையான ஆபீசர மினிஸ்டர் மிரட்டுவாரு, தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்னு. ராமநாதபுரம்னு பேரு சொல்லியும் சொல்லாமலும் அது எங்களத்தான். வைகை வந்து சேர்ற பெரிய கண்மாய் எங்க மாவட்டத்துலதான் இருக்கு, வறட்சியும் உண்மைதான், அதுக்காக ஒரு மாவட்டத்துல பொறக்கறதே தண்டனைன்னு தலைமுறை தலைமுறையா வசனம் எழுதலாமா. இன்னொண்ணு கடத்தல், அதுல எப்பவும் தங்க பிஸ்கட்டுதான். எங்க பக்கம் அடிக்கடி பேப்பர்ல வர்ற கடல் அட்டை, 2001ல இருந்து பிடிக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்குற உயிரு, அத வச்சு நான் ஒரு படமும் பாக்கல. கடைசியில கடத்துனவன் பிடிபடணும்ங்கிறது உலகம் முழுக்க இருக்குற ரூலு, அமெரிக்காவுல 1934ல இருந்து 1968 வரைக்கும் ஹேஸ் கோடுன்னு போட்டுக் கறாரா வச்சிருந்தாங்க. ஆனா இங்க பிடிபடுறது பெரும்பாலும் கூலிக்கு மூட்ட தூக்குன பையன். அதுக்கு என்ன ரூலு?

கடைசியா என் ஆசை. விளையாட்டுப் படத்துக்குன்னு ஒரு ஃபார்முலா இருக்குல்ல, ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகாத ஆளுங்கள ஒண்ணு சேத்து, யாரும் மதிக்காத டீம் ஒண்ணு, பயிற்சி பாட்டு, இன்டர்வலுக்கு முன்னாடி ஒரு அடி, கடைசியில ஜெயிப்பு. அந்த ஃபார்முலாவ அப்படியே பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்குற அக்காமாருக்கு வைங்க. கைவிரல்ல துணியச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, மூச்சப் பிடிச்சு முங்கி பாறையில இருந்து பாசியப் பிச்சு எடுக்குறவங்க, ஒரு நாள்ல எத்தன தடவ முங்குவாங்கன்னு அவங்களே எண்ண மாட்டாங்க. மன்னார் வளைகுடா தீவுகள 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சதுல இருந்து தீவுப் பக்கம் போனா கேஸு, போகலன்னா அடுப்பு எரியாது. பாறையும் பாசியும் இருந்தாத்தான் தொழிலுன்னு தெரிஞ்சு இத்தன நாளுக்குத்தான் எடுக்கணும்னு தங்களுக்குள்ளயே கட்டுப்பாடு வச்சுக்கிட்டவங்களும் அவங்கதான். அந்தப் படத்துக்கு பயிற்சி பாட்டு தனியா எடுக்கவே வேணாம், காலையில வத்தைன்னு சொல்ற சின்னப் படகு கெளம்புறப்ப கேமராவ வச்சாலே போதும்.

சினிமா ஆளுங்க யாராவது இதப் படிச்சா, புயல் சீசன்ல வராதீங்க. தடைக்காலத்துல வாங்க, எல்லாரும் கரையிலதான் இருப்பாய்ங்க, உக்காந்து பேச நேரம் இருக்கும். எங்க சித்தப்பா கதை சொல்ல ஆரம்பிச்சா ரெண்டு பாகத்துக்கு வரும்.