பொத்தானை விடுங்கள், செயலாளர் சார்!

வாக்கி டாக்கி கையில் கிடைத்தவர்களில் இரண்டு வகை உண்டு. பொத்தானை அழுத்தாமலேயே பேசுகிறவர்கள் ஒரு வகை. பேசி முடித்த பிறகும் பொத்தானை விடாதவர்கள் இன்னொரு வகை. எங்கள் குடியிருப்போர் சங்கம் நடத்திய பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டிக்கு இரு தரப்பிலிருந்தும் தாராளமாகத் தன்னார்வலர்கள் வந்திருந்தார்கள். அவர்களையெல்லாம் காதால் மேய்க்கும் கட்டுப்பாட்டு மேசை என் பொறுப்பு.

“எல்லோரிடமும் செல்பேசி இருக்கும்போது இது எதற்கு?” என்று பொருளாளர் முதலிலேயே முட்டுக்கட்டை போட்டார். வாடகைப் பணம் அவர் கையைத் தாண்டித்தானே போக வேண்டும்? செல்பேசியில் பன்னிரண்டு பேருக்கு ஒரு செய்தி சொல்லப் பன்னிரண்டு முறை அழைக்க வேண்டும்; சிலர் எடுக்க மாட்டார்கள், சிலர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பார்கள். வாக்கி டாக்கியில் பொத்தானை அழுத்தி ஒரு முறை சொன்னால் பன்னிரண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழும் என்று விளக்கினேன்.

“கேட்கவில்லை என்று யாரும் தப்பிக்க முடியாதா?”

“முடியாது சார்.”

அதன் பிறகு அவர் மறுப்புச் சொல்லவில்லை. அலைவரிசைக்கான அனுமதி வாடகைக்குக் கொடுப்பவர்களிடமே இருந்ததால் அந்தத் தலைவலியும் எங்களுக்கு இல்லை.

வந்து சேர்ந்த கருவிகளைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கவலை வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய எஸ்சிஆர்-536 என்ற கையடக்கக் கருவி இரண்டு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. ஆனால் அதை இயக்கத் தனிச் சுவிட்சே கிடையாது. ஆன்டெனாவை வெளியே இழுத்தால் உயிர் வரும், உள்ளே தள்ளினால் அணைந்துவிடும். பேச ஒரு பொத்தான், அவ்வளவுதான். குண்டு விழும் இடத்தில் யோசிக்க நேரமிருக்காது என்று கருதிச் செய்திருப்பார்கள் போலும். எங்களுக்கு வந்ததோ உள்ளங்கையில் அடங்கும் கருவி. அதில் எண் பலகை, திரை, திரைக்குள் பட்டியல், பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல். இடப்பக்கம் பேசும் பொத்தான். அதற்கு ஒரு விரல் கீழே ஒரு சின்னப் பொத்தான்: தொட்டால் டார்ச் எரியும், அழுத்திப் பிடித்தால் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் வரும். ஒரு விரல் மேலே ஆரஞ்சு நிறப் பொத்தான்: தொட்டால் பண்பலை வானொலி பாடும், அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்ன சைரன் அலறும். சைரனையும் பாட்டையும் ஒரே பொத்தானில் வைத்து, அதைப் பேசும் பொத்தானுக்குப் பக்கத்து வீட்டில் குடியேற்றியவர் யாராக இருந்தாலும், அவர் ஓட்டப் போட்டி எதுவும் நடத்தியிருக்க மாட்டார்.

பயிற்சி வகுப்பைச் சங்க அறையில் வைத்தோம். எல்லோரும் ஒரே அறையில் கருவிகளை இயக்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். பேசும் பொத்தானை அழுத்தி ஒருவர் “ஹலோ” என்றார். பக்கத்திலிருந்த ஒலிபெருக்கிகளிலிருந்து வந்த அந்த ஹலோ மீண்டும் அவர் மைக்கில் புகுந்து, மீண்டும் வெளியே வந்து, ஊளையாக மாறியது. காதைப் பொத்திக்கொள்ளக் கை தேவைப்பட்டதால் அவர் பொத்தானை விட்டார். ஊளை நின்றது. பொத்தானை விட வேண்டும் என்ற பாடம் அன்று ஒருவருக்காவது மனதில் பதிந்தது என்று மகிழ்ந்தேன்.

மற்ற பாடங்கள் அவ்வளவு எளிதில் பதியவில்லை. பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் போய்விடும் என்றேன். தலையசைத்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், “இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது தம்பி?” என்று கேட்டார். நல்ல கேள்வி. சிக்னல் எதுவும் வராதபோது கருவிக்குள் இருப்பது வெறும் இரைச்சல்தான். ‘ஸ்குவெல்ச்’ என்பது அதற்குக் கதவு போடுகிற ஏற்பாடு. போதிய பலத்துடன் சிக்னல் வந்தால் மட்டுமே கதவு திறக்கும். அளவைக் குறைத்து வைத்தால் நாள் முழுவதும் உஸ்ஸ் என்று கேட்கும். அளவுக்கு மீறிக் கூட்டினால் தொலைவிலிருந்து மெல்ல வருகிறவர் வாசலிலேயே நின்றுவிடுவார் என்றேன். “அப்படியானால் கூட்டி வையுங்கள்” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

துணைத் தலைவரைத் தவிர வேறு யாரும் கையேட்டைப் புரட்டவில்லை. அவர் மட்டும் அதை வீட்டுக்கே கொண்டுபோனார். பின்னர் நடந்தவை அனைத்துக்கும் அந்தக் கையேடே காரணம். எல்லாக் கருவிகளின் எண் பலகையையும் நான் பூட்டித்தான் கொடுத்தேன். பூட்டைத் திறப்பது எப்படி என்று நான் யாருக்கும் சொல்லவில்லை, கையேடு சொல்லியிருக்கிறது.

போட்டியன்று காலை நான்காவது கிலோமீட்டரில் நின்ற இளைஞரிடமிருந்து முதல் புகார் வந்தது. “அண்ணா, நீங்கள் ஒவ்வொரு முறை பேசும்போதும் பாட்டு நின்றுவிடுகிறது.”

ஆசிரியையின் குரல் விட்டு விட்டு வந்தது. ஓட்டக்காரர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். கோழியைக் கழுத்தில் பிடித்துத் தூக்குவதைப் போல அந்த அம்மா ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. அலையை அனுப்புகிற உறுப்பையே கைக்குள் பொத்திக்கொண்டால் அது எப்படிப் போகும்? உடம்பைப் பிடித்து, ஆன்டெனாவை நேராக நிறுத்தி, வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பேசச் சொன்னதும் வகுப்பறையில் கேட்பது போலத் தெளிவாகக் கேட்டது. அதன் பிறகு அவர்தான் எங்கள் குழுவிலேயே மிகச் சிறந்த செய்தியாளர்: “ஐந்தாவது கிலோமீட்டர். தண்ணீர் குறைவு. இரண்டு பெட்டி தேவை. முடிந்தது.” நாற்பது வருடம் வருகைப் பதிவேடு வாசித்த குரல்!

ஆறாவது கிலோமீட்டரில் நின்ற துணைத் தலைவரின் குரல் தெளிவாகவே வந்தது. “கட்டுப்பாட்டு மேசை, கேட்கிறதா?”

“கேட்கிறது சார், சொல்லுங்கள்.”

“கட்டுப்பாட்டு மேசை, கேட்கிறதா?”

“நன்றாகக் கேட்கிறது சார்!”

“யாராவது இருக்கிறீர்களா?”

வழிநெடுகத் தன்னார்வலர்கள் ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். அவர் குரலில் மெல்ல வருத்தம் ஏறியது. “சரி. எனக்குப் பதில் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். போன தேர்தலில் யார் யார் எனக்கு வாக்களிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.”

முந்தைய இரவு கையேட்டைப் பார்த்து, வெளியாட்கள் ஒட்டுக்கேட்காமலிருக்க ‘தனிமைக் குறியீடு’ ஒன்றைத் தன் கருவியில் அவர் வைத்திருந்தார். பெயரைக் கேட்டு ஏமாறாதவர்கள் குறைவு. அது ரகசியப் பூட்டே அல்ல. பேச்சுக்கு அடியில் 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான ஏதோ ஒரு தாழ்ந்த ஒலி சேர்ந்து போகும். அதே ஒலியுடன் வருகிற பேச்சுக்கு மட்டுமே அந்தக் கருவி வாய் திறக்கும். நாங்கள் யாரும் அந்த ஒலியைச் சேர்த்து அனுப்பவில்லை. ஆகவே அவர் பேசுவதை உலகமே கேட்கலாம்; உலகம் பேசுவது மட்டும் அவருக்குக் கேட்காது. கீழேயுள்ள சின்னப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கதவு திறந்து எல்லாம் கேட்டிருக்கும். ஆனால் அதை அவரிடம் சொல்ல வேண்டுமானால் முதலில் அவருக்குக் காது கேட்க வேண்டும். செல்பேசியில் அழைத்தேன். “வாக்கி டாக்கி இருக்கும்போது இது எதற்கு?” என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார், அவர் மனைவி எடுத்துச் சொன்னார். கடைசியில் சைக்கிளில் ஒரு பையனை அனுப்பினேன்.

அந்தப் பையன் போய்ச் சேர்வதற்குள் செயலாளர் தொடங்கிவிட்டார்.

செயலாளருக்குப் பேசும்போது இரு கைகளும் ஆட வேண்டும். “பொத்தானை அழுத்திக்கொண்டே எப்படிப் பேசுவது?” என்று அவர் கேட்டதற்காகத் துணைத் தலைவர் அன்புடன் ‘வாக்ஸ்’ வசதியை இயக்கிக் கொடுத்திருந்தார். குரல் கேட்டதும் கருவி தானாகவே ஒலிபரப்பத் தொடங்கும்; பொத்தானே தேவையில்லை. குரலுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் கைதட்டினாலும் காற்றடித்தாலும் தொடங்கும் என்பது வேறு விஷயம். கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் தனியாக நின்று, பரிசளிப்பு விழாவில் நிகழ்த்தப்போகும் தலைமையுரைக்கு அவர் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்.

“அன்பார்ந்த நண்பர்களே! நான் ஓர் எளிய தொண்டன்... இல்லை, ‘மிக எளிய தொண்டன்’. மிக எளிய தொண்டனாகிய என்னை...”

பத்து கிலோமீட்டர் நீளத்துக்கும் கேட்டது.

இந்தக் கருவியின் குணமே இதுதான்: ஒலிபரப்பிக்கொண்டிருக்கும்போது அதனால் எதையும் கேட்க முடியாது. பேசுகிறவரிடம் “நீங்கள் பேசுவது எல்லோருக்கும் கேட்கிறது” என்று சொல்ல அந்தக் கருவி வழியாக வழியே இல்லை. அவர் மூச்சு விடும் இடத்தில்தான் நுழைய வேண்டும். எங்கள் செயலாளர் மூச்சு விடாமல் பேசுவதில் பெயர் பெற்றவர். ஆனாலும் ஓரிடத்தில், “இங்கே கைதட்டுவார்கள், சற்று நிறுத்த வேண்டும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிறுத்தினார். அலைவரிசை திறந்தது. இதற்காகவே காத்திருந்த எல்லோரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினார்கள். இத்தகைய பண்பலை (எஃப்எம்) ஒலிபரப்பில் ஒருவர் சிக்னல் நன்கு ஓங்கியிருந்தால் அவர் குரல் மட்டும் கேட்கும். கிட்டத்தட்ட சம பலத்தில் பலர் மோதினால் கீச்சொலிதான் மிஞ்சும். செயலாளர் இடுப்பிலிருந்து அந்தக் கீச்சொலி கிளம்பியது.

“கருவி சரியில்லை” என்று அவர் முணுமுணுத்ததும் எங்களுக்குக் கேட்டது. மேலேயிருந்த குமிழைத் திருகி ஒலியைக் குறைத்தது, அடுத்த இடைவெளியில் நாங்கள் கத்தியபோது அவர் அசையாததிலிருந்து தெரிந்தது. அதன் பிறகு அவர் எங்களை விட்டு முழுவதுமாகப் பிரிந்துவிட்டார்.

இவ்வளவும் வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஏழாவது கிலோமீட்டரில் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அங்கிருந்தவர் முதலுதவிக் குழுவை அழைக்கப் பார்க்கிறார், “என் இளமைக் காலத்தில்...” என்று செயலாளர் குறுக்கே நிற்கிறார். போதாததற்கு மேடை ஒலிபெருக்கியில் பாட்டு போட்டுவிட்டார்கள். அவர் நிறுத்தினாலும் பாட்டுச் சத்தமே வாக்ஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எங்களைக் காப்பாற்றியது, கருவியில் யாருமே பொருட்படுத்தாத ஓர் ஏற்பாடு. தொடர்ச்சியாக ஒலிபரப்ப ஒரு நேர வரம்பு உண்டு. எங்கள் கருவிகளில் அதை மூன்று நிமிடமாக வைத்திருந்தார்கள். மூன்றாவது நிமிடம் முடிந்ததும் இளமைக் காலம் பட்டென்று அறுந்தது. “பூட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பூட்டைத் திறந்து, எல்லோரும் இரண்டாம் சேனலுக்கு மாறுங்கள்!” என்று கத்தினேன். இரண்டே பொத்தான்கள், ஆசிரியை முதலில் வந்து சேர்ந்தார். முதலுதவிக் குழுவும் வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து, கட்டுப்போட்டு வண்டியில் ஏற்றினார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை.

முதல் சேனலில் செயலாளர் யாருக்காகவும் இல்லாமல் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார் என்றுதான் நினைத்தேன். இந்தக் கருவியில் இரண்டு சேனல்களை மாறி மாறிக் கவனிக்கும் வசதியும் உண்டு என்பதைத் தன்னார்வலர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது மாலையில்தான் தெரிந்தது. பரிசளிப்பு விழாவில் செயலாளர் “நான் ஒரு...” என்று தொடங்கியதும் பின்வரிசை முழுவதும் “மிக எளிய தொண்டன்” என்று முடித்துக் கொடுத்தது. எங்கெங்கே கைதட்டல் வர வேண்டுமோ அங்கங்கே நொடி பிசகாமல் வந்தது. இறங்கி வந்தவர், “இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை.

கருவிகளைத் திரும்ப எண்ணியபோது ஒன்று குறைந்தது. பொருளாளருக்கு வியர்த்துவிட்டது. மற்றவை மேசையில் அணைந்து கிடக்க, என் கருவியில் மட்டும் முதல் சேனலுக்குப் போய், “இதைக் கேட்பவர் யார்?” என்றேன்.

“நான்தான். ஓவர்” என்றது ஆறேழு வயதுக் குரல். சொல்லிவிட்டுப் பொத்தானையும் விட்டது.

“நீ எங்கே இருக்கிறாய் கண்ணா?”

“சொன்னால் வாங்கிக்கொள்வீர்கள். ஓவர்.”

பொருளாளர் என் கையிலிருந்து கருவியைப் பிடுங்கினார். “கொண்டுவந்து கொடுத்தால் உனக்கு ஒரு பதக்கம் தருகிறேன்.”

“பதக்கம் ஓடினவர்களுக்குத்தானே? ஓவர்.”

“சரி, நல்ல டார்ச் ஒன்று வாங்கித் தருகிறேன்.”

“இதிலேயே டார்ச் இருக்கிறது. ஓவர்.”

பேச்சுவார்த்தை எவ்வளவு நேரம் நீடித்திருக்குமோ தெரியாது. எதிர்த்தரப்பு ஆரஞ்சுப் பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டது. மேடைக்கு அடியிலிருந்து சைரன் கிளம்பியது. பொருளாளர் முழங்காலிட்டு உள்ளே புகுந்து, ஒரு கையில் கருவியையும் மறுகையில் சிறுவனையும் பிடித்தபடி தூசியோடு வெளியே வந்தார். சைரன் நிற்கவில்லை. எப்படி நிறுத்துவது என்று அவர் இருக்கிற பொத்தான்களையெல்லாம் அழுத்தினார், டார்ச்சும் எரிந்தது. சிறுவன் எட்டி மேல் குமிழைத் திருகி அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் கருவிகளை ஒப்படைத்தோம். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், ஆன்டெனாக்களை எண்ணினார், சார்ஜர்களை எண்ணினார், எல்லாம் சரி என்றார். பிறகு பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினார்.

“கையேடு எங்கே சார்?”